காஜா மாமாவின் பாக்ஸ் கத்திய நாள்

எங்கள் ஊரில் மைக் கூவினால் யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. எழுந்து வந்து ரிப்பேர் பார்ப்பார்கள். மற்றவர்கள் இதை மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டிருப்பார்கள். நான் மேடையில் நின்று தெரிந்துகொண்டேன், அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிடாரைத் தொங்கவிட்டுக்கொண்டு.

அப்போது நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் கடைசி வருடம். படித்தது இயற்பியல், பைத்தியமாக அலைந்தது பிரிட்டிஷ் ராக் இசைக்கு. அதிலும் மெட்டு, வரிகள் என்று நல்ல பிள்ளையாக ரசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. எனக்குப் பிடித்தது அதன் இரைச்சல். கிடாரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கம்பியின் அதிர்வு ஸ்பீக்கரில் பெரிதாகி வரும். அந்தச் சத்தம் திரும்ப வந்து கம்பியையே அதிரவைக்கும். அது இன்னும் பெரிதாகும். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி. கடைசியில் மிஞ்சுவது ஒரு ஊளை. நம் மைக் செட்டுக்காரர்கள் 'கூவுது' என்று சொல்லி அணைத்துவிடும் அதே சமாச்சாரம்தான். இங்கிலாந்துக்காரர்கள் அணைக்காமல் விட்டார்கள்.

இந்த 'அணைக்காமல் விட்ட' சரித்திரத்தை நான் டவுன் பஸ்ஸில், கேன்டீனில், கல்யாணப் பந்தியில் எல்லாம் சொல்லித் திரிந்தேன். போர் முடிந்து, குண்டு விழுந்த தெருக்களில் வளர்ந்த பையன்கள். கையில் மலிவான கிடார், அதைவிட மலிவான ஆம்ப்ளிஃபயர். அறுபதுகளில் அரங்கம் பெரிதாகிறது, கூட்டமும் பெரிதாகிறது. கூட்டத்தின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று குமிழைத் திருகுகிறார்கள், பெட்டி உறுமுகிறது. ஸ்டுடியோவாக இருந்தால் என்ஜினியர் ஓடிவந்து நிறுத்துவார். ஒருநாள் ஒரு குழு, 'நிறுத்த வேண்டாம், பாட்டை அதிலேயே ஆரம்பிக்கலாம்' என்றது. இன்னொரு பையன், ஒலி இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்ற கடுப்பில், ஸ்பீக்கருக்குள் அதிர்கிற காகிதத்தைச் சவர பிளேடால் கீறிவிட்டான். (இதைச் சொன்னபோது அம்மா, "ஏட்டி, அவன் வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள்.) தப்பு என்று எல்லாரும் துடைத்துப்போட்டதை எடுத்து நடுக்கூடத்தில் உட்காரவைத்தார்களே, அந்தத் தைரியம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

கிடார், கல்லூரி விடுதியில் இருந்த ஒரு அக்கா படிப்பு முடிந்து போகும்போது விட்டுச்சென்றது. கூடவே, காலால் அமுக்கினால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஒரு குட்டிப் பெட்டி. வீட்டில் என்னிடம் இருந்தது கையளவு ஸ்பீக்கர். கதவைச் சாத்திக்கொண்டு அதில் ஊளையிடப் பழகினேன். கொசு அழுவதுபோல் அழுதது. சரித்திரம் படைக்க அது போதாது. பெரிய பாக்ஸ் வேண்டும்.

பெரிய பாக்ஸ் காஜா மாமாவிடம் இருந்தது. அவர் அப்பாவின் பள்ளிக்கூடத்து நண்பர். பல வருடம் துபாயில் லாரி ஓட்டிவிட்டு, இனி பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரிலேயே இருப்பது என்று திரும்பிவந்தவர். சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் ஒரு மைக் செட்டில் போட்டிருந்தார். ஆளுயர பாக்ஸ் இரண்டையும் துபாயிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட கம்பளியால் போர்த்தித்தான் வைத்திருப்பார். அவருக்குப் போர்த்திக்கொள்ள வேறு இருந்ததா என்று தெரியவில்லை.

அப்பாவுக்குப் பாத்திரக்கடை. அதனால் வியாபாரிகள் சங்கத்தின் குடும்ப விழாவுக்கு நாங்களும் உண்டு. அந்த வருடம் மைக் செட் காஜா மாமாவுடையது. அவருக்கு அது முதல் பெரிய விழா. சங்கத் தலைவர் அண்ணாச்சி, கருப்பட்டி மண்டிக்காரர், முன்கூட்டியே சொல்லியிருந்தார்: விழாவில் செட் ஒழுங்காகப் பாடினால் சங்கத்து விசேஷமும் உறுப்பினர்கள் வீட்டுக் கல்யாணமும் இனிமேல் காஜாவுக்கு, இல்லையென்றால் பழைய குழாய் ஸ்பீக்கர்காரரே போதும். அதாவது, அன்று சொதப்பினால் மாமா மறுபடி பாஸ்போர்ட்டைத் தேட வேண்டியதுதான்.

இது எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் "அப்பா, நானும் கிடார் வாசிக்கேன்" என்று பெயர் கொடுத்தேன். (என் மூளையில் பாதி அப்போது இங்கிலாந்தில் இருந்தது. மீதிப் பாதி புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிடார் வேண்டுமென்றால் புடவை என்பது அம்மாவின் நிபந்தனை.)

விழாவன்று மாலை, மண்டபத்தில் மாமா துண்டால் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டு மவளே வாசிக்கப் போற?"

"வெளிநாட்டு இசை மாமா. உங்க பாக்ஸ்ல கேட்டாத்தான் நல்லாருக்கும்."

"வாசி வாசி. எவ்ளோ சத்தம் வேணும்னாலும் தாங்கும். பைய ஆரம்பி, போகப்போக கூட்டிக்கிடலாம்."

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி அவர் துடைத்ததைப் பார்த்ததும், என் பையில் இருந்த பிளேடைப் பையிலேயே விட்டுவிட்டேன். அந்த அளவுக்காவது மூளை மிச்சமிருந்தது.

மழலைகளின் நடனம் முடிந்தது. தலைவர் பேசினார், மாமாவின் செட்டில் அவர் குரல் கணீரென்று வந்தது. அவருக்கே அவர் குரல் பிடித்துப்போய் இரண்டு முறை நன்றி சொன்னார். பிறகு நான். அமைதியாக நாலு ஸ்வரம் வாசித்தேன். முன்வரிசையில் அப்பா எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். குட்டிப் பெட்டியைக் காலால் அமுக்கினேன். நேராக நடந்துபோய்க் கிடாரை மாமாவின் பாக்ஸுக்கு முன்னால் நீட்டினேன்.

முதலில் ஒரு முனகல். அப்புறம் அது எழுந்து நின்றது. நூறு பஸ் ஒரே நேரத்தில் பிரேக் போட்ட மாதிரி ஒரு ஊளை. என் பற்கள் அதிர்ந்தன, தாலாட்டுகிற மாதிரிச் சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திருநெல்வேலி வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் காட்சியை மனதில் பார்த்தேன்.

கண்ணைத் திறந்தபோது மேடையில் எனக்கு நிற்க இடமில்லை.

வியாபாரிகள் சங்கம் அல்லவா, அவரவர் தொழிலுக்குத் தக்கபடி வைத்தியம் ஆரம்பித்திருந்தார்கள். எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பாக்ஸின் முதுகில் வைத்துப் பார்த்தார். ஹார்டுவேர் கடைக்காரர் ஸ்டாண்டின் திருகுகளை முறுக்கினார். எண்ணெய்க் கடைக்காரர், "ரெண்டு சொட்டு விட்டா சரியாயிரும்லா" என்று யாரையோ வீட்டுக்கு அனுப்பினார். ஜவுளிக்கடை அண்ணாச்சி சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த பொன்னாடையைப் பிரித்துப் பாக்ஸுக்குப் போர்த்திவிட்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் நோயை விட்டுவிட்டு நோயாளிகளைக் கவனித்தார். வரிசையாகப் பஞ்சு கொடுத்துக்கொண்டு போனார். ஒரு பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "ஏட்டி, இங்கன வா, ஷாக் அடிச்சிரப் போவுது" என்றாள். எவரோ என் கிடாரிலிருந்து வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

மண்டபத்தின் கடைசியில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையிலிருந்து காஜா மாமா ஓடிவந்தார். பொன்னாடையை விலக்கிப் பாக்ஸில் காதை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் இங்கிலாந்தில் இருந்த பாதி மூளை அடுத்த விமானம் பிடித்து என்னிடம் வந்தது.

தலைவர் மெதுவாக எழுந்தார்.

"என்ன வே காஜா, புது செட்டுன்னு சொன்னீரு."

"பொட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மத்தியானம் பூரா பாடிச்சு."

"மத்தியானம் பாடினது யாருக்கு வேணும்? இப்ப கத்துதுல்லா." செயலாளர் பக்கம் திரும்பினார். "அந்தக் குழாய்க்காரரு நம்பர் இருக்கா பாரும்."

நான் மைக்கைப் பிடித்தேன். "அண்ணாச்சி, பாக்ஸ்ல ஒரு குறையும் இல்ல. நாந்தான் வேணும்னே கத்த வச்சேன்."

மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

எனக்குப் புரியவில்லை. என் முழங்கையை இன்னும் விடாத பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மைக்கிலேயே கேட்டது: "பாத்தியளா, அந்த மனுசன் பொழப்பு போயிரக்கூடாதுன்னு பழிய தன் தலைல போட்டுக்கிடுது."

தலைவர் குரல் கருப்பட்டிப் பாகாக இளகிவிட்டது. "ஏ பிள்ள, உன் மனசு யாருக்கும் வராது. ஆனா யாவாரம்னா யாவாரம்."

"இல்ல அண்ணாச்சி, நெசமா. இங்கிலாந்துல இதுக்குன்னே…" என்று ஆரம்பித்து, குண்டு விழுந்த தெரு, மலிவான ஆம்ப்ளிஃபயர், பிளேடு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் மதிப்பு ஏறியது, காஜா மாமாவின் மதிப்பு இறங்கியது. புது ஸ்பீக்கரை ஒருவன் பிளேடால் கீறினான் என்ற இடத்தில் ஜவுளிக்கடை அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைக்கு நம்புத மாதிரி ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியல வே." அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், இப்படி ஒரு மகளைப் பெற்ற பெருமையில். மாமா மேடை ஓரத்தில் உட்கார்ந்து வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். என்னைத் தெரிந்த ஒரே ஆள்.

"அண்ணாச்சி, அவ சொல்லுதது நெசந்தான். வீட்லயும் கதவ அடைச்சிக்கிட்டு இதத்தான் செய்யுதா. இவ அப்பா மிக்ஸிதான் ரிப்பேர்னு நெனச்சி ரெண்டு தடவ கடைக்குத் தூக்கிட்டுப் போனாவ."

மண்டபம் சிரித்தது. அப்பாவின் நெஞ்சு பழைய அளவுக்குத் திரும்பியது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வருடமாகக் கருப்பட்டியை உடைத்துப் பார்த்து வாங்குகிறவர். "அப்படின்னா செஞ்சு காட்டட்டும். நான் கையத் தூக்குனா கத்தணும், எறக்குனா நிக்கணும். நின்னுச்சுன்னா பிள்ள செஞ்சது. நிக்கலேன்னா பொட்டி செஞ்சது."

வயரைத் திரும்பச் சொருகினார்கள். மாமா மிக்ஸர் மேசைக்குப் போனார். தலைவர் மேடைக்கு எதிரில் வந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். கையைத் தூக்கினார்.

பாக்ஸை நோக்கித் திரும்பினேன். ஊளை.

கையை இறக்கினார். உள்ளங்கையால் கம்பியை அமுக்கித் திரும்பி நின்றேன். நின்றுவிட்டது.

தலைவர் நம்பவில்லை. படக்கென்று தூக்கினார், படக்கென்று இறக்கினார். பாதியில் நிறுத்தி என்னை ஏமாற்றப் பார்த்தார். புடவை முந்தானை கிடாரில் சிக்க, நான் பம்பரமாகச் சுற்றினேன். கத்தியது, நின்றது, கத்தியது, நின்றது. கை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பக்கத்தில் போனேன். ஊளை கீச்சென்று மேலே ஏறியது. கையைப் பையத் தாழ்த்தியபோது தள்ளி வந்தேன். அது அடித்தொண்டைக்கு இறங்கி உறுமியது. அதைக் கண்டுபிடித்ததும் அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. சோதனையை மறந்துவிட்டார். ஒரு கையால் மேலே, ஒரு கையால் கீழே, காற்றில் கருப்பட்டி காய்ச்சுகிறவர்போல் கிளற ஆரம்பித்தார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டே "இன்னும், இன்னும்" என்று குதித்தார்கள். பெரியம்மா பஞ்சை எடுத்துவிட்டாள். கடைசி வரிசையில் மாமா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு குமிழை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

திருநெல்வேலியின் முதல் இரைச்சல் இசைக் கச்சேரி இப்படித்தான் நடந்தது, கருப்பட்டி மண்டி அண்ணாச்சியின் தலைமையில். என் லட்சியம் நிறைவேறிக்கொண்டிருக்கிறது என்பதே எனக்கு அது முடிந்த பிறகுதான் உறைத்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலைவர் பாக்ஸிடம் போனார். மாட்டைத் தட்டுகிற மாதிரித் தட்டிப் பார்த்தார். "இந்தக் கத்து கத்தியும் ஒரு கிழிசல் விழலையே வே. நாலு பிள்ளைய கத்திக் கத்தி வளத்தவன் நான், எனக்கே இந்தத் தெம்பு இல்ல. செயலாளரே, குழாய்க்காரரு வேண்டாம். அடுத்த மாசம் என் பேத்தி சடங்குக்குக் காஜாதான்." எண்ணெய்க் கிண்ணம் அந்த நேரம்தான் வந்து சேர்ந்தது. வீணாக்க வேண்டாமே என்று ஸ்டாண்டுக்கு இரண்டு சொட்டு விட்டார்கள்.

அதற்குப் பிறகு மாமா பாஸ்போர்ட்டைத் தேடவில்லை. பாக்ஸ் இரண்டு ஆறாகிவிட்டது. புதிதாக வாங்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் எனக்கு போன் வரும்: "மவளே, எப்ப ஊருக்கு வாற? வந்து ஒரு தடவ கத்தவிட்டுட்டுப் போ, அப்பத்தான் வாடகைக்கு அனுப்ப மனசு வருது." நானும் போய்க் கத்தவிட்டுவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவேன். இந்த மண்ணில் இரைச்சல் இசைக்கலைஞருக்கு இதற்குமேல் என்ன அங்கீகாரம் வேண்டும்?

வீட்டில்தான் மரியாதை இல்லை. இப்போது நான் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போனால் சாப்பாட்டு நேரத்தில் அறுபதுகளின் இங்கிலாந்தை எடுத்துவிடுவேன். குண்டு விழுந்த தெருவைத் தாண்டி ஆம்ப்ளிஃபயருக்கு வருவதற்குள் அப்பா, ரசம் ஒழுகும் கையைத் தூக்கிப் பையத் தாழ்த்துவார். நான் பேசிக்கொண்டே இருப்பேன். இன்னொரு தடவை தாழ்த்துவார். அம்மா அவர் இலையில் அப்பளம் வைத்துவிட்டுச் சொல்வாள்: "அது அண்ணாச்சி கைக்குத்தான் நிக்கும். நீங்க சாப்பிடுங்க."