பச்சை எஞ்சினுக்குச் சுற்றிப் போட்டவர்

ரங்கூனிலிருந்து சீமைக்குக் கப்பலேறியவர்கள் எல்லாரும் எதையாவது வாங்கி வரத்தான் போனார்கள். ஒருவர் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்தார். ஒருவர் தொப்பி வாங்கி வந்தார். ஒருவர் வெள்ளைக்காரப் பெண்டாட்டியோடு வந்து இறங்கினார். ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு வருவதற்காகப் போனவர், எனக்குத் தெரிந்து, ஏ-ஒன் அண்ணன் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயரை ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையின் ரயில்வே லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். எஞ்சின் ஷெட்டில் அவர் ஃபயர்மேன், கரி அள்ளிப் போடுகிற வேலை. நான் அதே ஷெட்டில் குமாஸ்தா. ஒருநாள் அவருக்கு வடை கட்டி வந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் ஓர் எஞ்சின் படம் இருந்தது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு எக்ஸ்பிரஸ் இழுக்கும் ஏ-ஒன் வகுப்பு. பச்சை நிறம், ஆளை விட உயரமான சக்கரம். எண் போதாதென்று பெயர் வேறு, அதுவும் பந்தயக் குதிரைகளின் பெயர். வடை ஆறிப்போனது. மனிதர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் மாந்தலே மெயில் எஞ்சின் எவ்வளவு பளபளப்பாக வந்து நின்றாலும், 'இருக்கட்டும், பாவம்' என்பார். பெண் வீட்டார் பெண்ணின் படத்தைக் காட்டினால், மரியாதையாகப் பார்த்துவிட்டு, பதிலுக்குச் சட்டைப் பையிலிருந்து எஞ்சின் படத்தை எடுத்து நீட்டுவார். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வினை என் வாயால் வந்தது. ஏ-ஒன் எஞ்சின் ஒன்றை லண்டனில் பெரிய பொருட்காட்சியில் நிறுத்தி வைத்தார்கள், ஊரே திரண்டு வந்து பார்த்தது என்று ஒரு பத்திரிகையில் இருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

“ஊரு கண்ணெல்லாம் பட்டிருக்கு. அப்புறம் சுத்திப் போட்டாங்களா, ரைட்டர் தம்பி?”

வெள்ளைக்காரர்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்றேன்.

“அப்ப அப்படியேவா ஓட விட்டுட்டாங்க?”

அவர் கவலையில் நியாயம் இருந்தது. ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் எங்கள் ஷெட்டை விட்டு ஓர் எஞ்சினும் நகராது. ஒரு வருஷம் நாங்கள் மறந்துவிட்டபோது, ஃபோர்மன் துரையே பழம் எங்கே என்று கேட்டு நின்றார்.

ஆனால் அண்ணன் சீமைக்குப் போகிறேன் என்று லீவு கேட்டதும் அதே துரை குதித்தார். யார்டில் பெட்டிகளை இழுத்துக் கோக்கும் ஷண்டிங் எஞ்சினுக்கு டிரைவர் வேலை காலியாகப் போகிறது, அடுத்த ஆள் நீதான், இப்போது போனால் திரும்பி வரும்போது ஒன்றும் இருக்காது என்று படித்துப் படித்துச் சொன்னார். வாழ்நாளெல்லாம் அண்ணன் காத்திருந்த வேலை அது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் லண்டன் வரை தாங்குமா என்று துரையிடமே விசாரித்தார்.

அரிசிக் கப்பலில் கரி தள்ளும் ஆளாகச் சேர்ந்தார். பூசணிக்காயைக் கப்பல்காரர்கள் ஏற்ற விடவில்லை, அதனால் ஒரு தேங்காய். ஷெட்டில் கூட வேலை பார்த்த கோ துன், போகிற காரியம் ஜெயிக்கட்டும் என்று பர்மா வழக்கப்படி தபியே தழை ஒரு கொத்தை அவர் சட்டையில் செருகி அனுப்பினார்.

திரும்பி வந்து அவர் சொன்ன கதையில் பாதியைத் தள்ளிவிட்டுச் சொல்கிறேன். லண்டன் ஸ்டேஷனில் பச்சை எஞ்சின் நிஜமாகவே வந்து நின்றது. தேங்காயை ஓங்கிய கையை ஒரு போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். எதை எறியப் பார்த்தாய் என்று விசாரணை நடந்தது. தேங்காய் போனது போனதுதான். இத்தனை கலவரத்தையும் மேலிருந்து பார்த்த டிரைவர் இறங்கி வந்தார். அண்ணன் தன் ஷெட்டு இங்கிலீஷில் என்ன சொன்னாரோ, டிரைவருக்கு என்ன புரிந்ததோ, கடல் காற்றில் வாடி நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்த பழத்தை அவரே வாங்கினார். குனிந்து சக்கரத்தடியில் வைத்து, இங்கேயா, இன்னும் கொஞ்சம் தள்ளியா என்று கையால் கேட்டாராம்.

“அவனும் நம்மள மாதிரி கரி மூஞ்சிதான் தம்பி. பழத்த நசுக்கிட்டுத்தான் வண்டிய எடுத்தான்.”

துரை சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. டிரைவர் வேலை அண்ணனுக்குக் கீழே இருந்தவருக்குப் போய்விட்டது. அந்த ஷண்டிங் எஞ்சினையே எண்ணெய்த் துணியால் துடைக்கும் வேலைதான் இவருக்குக் கிடைத்தது. ஒரு மத்தியானம் அவர் சக்கரத்தடியில் படுத்துத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனையும் தொலைத்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று சத்தம் போட்டேன்.

துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “ஒண்ணுக்குத்தானே சுத்திப் போட்டாச்சு. மத்ததெல்லாம் அப்படியேதானே ஓடுது.”

இன்னும் நாலு வார்த்தை நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அடுத்த கப்பல் எப்போது அண்ணே என்று கேட்டுவிட்டேன்.