நாலு நாட்டு நெட்டும் ஆம்பூரில்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் பயமும் சரிபாதி கலந்த மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி சுந்தரமூர்த்தி எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதவேண்டியது முறை. இவ்விடத்தில் யாவரும் என்றால் இப்போது நான் ஒருத்தன்தான், எனக்கும் ரெண்டு நாளாக வாயுத் தொல்லை. அவ்விடம் நீயும், மாமாவும், மாமாவுடைய முழங்காலும் சௌக்கியமாக இருக்கவேண்டும். போன் என்று ஒன்று இருக்கும்போது இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான், புத்தி கெட்டுப்போச்சா என்று நினைப்பாய். புத்தி விஷயம் கீழே வருகிறது. போன் மூணு நாளாகத் தபரேஸ் பாய் ரிப்பேர் கடையில் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு கிடக்கிறது. தவிரவும் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், அப்புறம் உன்னைத் தேற்றுவதிலேயே என் ரீசார்ஜ் காலியாகிவிடுகிறது. நாளைக் காலை ஆற்காட்டுக்குப் போகிற எங்கள் கம்பெனி வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டிரைவர் உங்கள் ஊர் கலவை வரைக்கும் வந்து கொடுப்பார். அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடு. வாயைக் கிளறாதே, அவர் என்னைப் பற்றி நாலு விஷயம் சொல்லுவார், நாலும் உண்மை.

வருகிற வெள்ளிக்கிழமை கமலத்துக்கு வருஷ தெவசம் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். பெற்ற அம்மா தெவசத்துக்கே ஜோதி வரமாட்டாள். கம்பெனி வேலையாக வெளிநாடு போயிருக்கிறாள் என்று உன்னிடமும் சொன்னேன், வாலாஜாப்பேட்டை சித்தப்பாவிடமும் சொன்னேன். பொய் அக்கா. அவள் ராணிப்பேட்டைக் கம்பெனியில் ஒரு மாசம் லீவு போட்டுவிட்டு, முதுகில் ஒரு மூட்டையை மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாக வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து என்று நாலு நாடு சுற்றப் போயிருக்கிறாள். நம்ம ஊர் ஷூ ஆர்டரெல்லாம் வியட்நாமுக்குப் போய்விட்டது என்று எங்கள் மேனேஜர் வருஷம் பூரா புலம்பினார், பார்த்தால் என் பெண்ணும் அங்கேதான் போயிருக்கிறாள். இதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆஃப்ரீன் இருக்கிறாளே, ஜோதியோடு ஒண்ணாங்கிளாஸிலிருந்து படித்தவள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. "கம்பெனி வேலைக்கு மூட்டை எதுக்குடா?" என்றார். சாம்பிள் ஷூ எடுத்துப் போயிருக்கிறாள் என்றேன். "ஒரு மாசத்துக்கா?" என்றார். எல்லா சைஸும் சித்தப்பா என்றேன்.

அவள் என்னோடு பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். காரணமும் தெரியும், நீ கூடத்தான் நின்றாய். ஆனாலும் ஒருதரம் என் கையாலேயே எழுதிப் பார்க்கிறேன். போன வருஷம் அவள் தோல் கண்காட்சிக்காக இத்தாலி போயிருந்தபோது கமலத்துக்கு நெஞ்சுவலி வந்தது, வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம், புதன்கிழமை எல்லாம் முடிந்துபோனது. நீ அன்றைக்கே சொன்னாய், "டேய் மூர்த்தி, புள்ளைக்குச் சொல்லிடுடா, அப்புறம் உன்னை மன்னிக்கவே மாட்டா" என்று. நான் கேட்கவில்லை. ரெண்டு பிளேன் மாறி, தெரியாத ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தனியாக அழுதுகொண்டே வரணுமே என்று நினைத்தேன். அவள் போன் பண்ணினபோதெல்லாம் ஆஸ்பத்திரியில் டவர் இல்லம்மா, அம்மா தூங்குறா என்று சொன்னேன். தகனம் முடிந்த பிற்பாடும் ஒருநாள் பூரா அதையே சொன்னேன். அவள் வந்து இறங்கியபோது அம்மாவுக்கென்று வாங்கிய கைப்பை அவள் கையில் இருந்தது. வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "எத்தனை நாளுப்பா ஆச்சு?" என்று கேட்டாள். மூணு என்றேன். அதற்கப்புறம் இந்த ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசினதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் பாதி மிச்சம் இருக்கும்.

அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். நான் திட்டம் போட்டாலே கமலம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள், இப்போது அதற்கும் ஆளில்லை. வெள்ளிக்கிழமை பூஜை நடக்கும்போது ஜோதி எந்த நாட்டில் இருந்தாலும் வீடியோவில் பார்க்கணும், போன தரம் பார்க்காததை இந்தத் தரமாவது பார்க்கட்டும், அதற்கு நெட் நான் வாங்கித் தருகிறேன் என்று தீர்மானித்து, பஜாரில் தபரேஸ் பாய் கடைக்குப் போனேன். "பாய், நாலு நாட்டுக்கும் நெட் வேணும், கம்மில முடியணும்" என்றேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்குண்ணே? உங்களுக்கா? நீங்க பேர்ணாம்பட்டு போனாலே பஸ்ல வாந்தி எடுப்பீங்களே" என்றார். பொண்ணுக்கு என்றதும் கொஞ்சம் மரியாதை வந்தது. "நம்ம ஊரு சிம்மை அங்க ரோமிங்ல போட்டா சொத்தை எழுதிக் கேப்பான். இ-சிம் வாங்கிடுங்க. சிம்மே கிடையாது, கட்டம் கட்டமா ஒரு படம் வரும், அதைப் போனால ஸ்கேன் பண்ணா முடிஞ்சுது" என்றார். நாலு நாட்டுக்கும் சேர்த்து ஒன்றே வாங்கினால் ஜாஸ்தி, தனித்தனியாக நாலு வாங்கினால் கம்மி என்று நான் கண்டுபிடித்தேன். அந்தச் சாமர்த்தியத்துக்காக பாயை டீ வாங்கித் தரவைத்தேன். கடைசியில் நாலு நாடும் நாலு காகிதத்தில் என் சட்டைப்பைக்குள் வந்துவிட்டன. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இங்கேதான் அக்கா, புத்தி விஷயம் வருகிறது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை, 'செருப்புக் கம்பெனியில் ஆபீசர்' என்கிறாய். நான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகக் கையை விட்டுப் பார்க்கிறவன். தையல் பிரிந்திருக்கா, பசை வழிந்திருக்கா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று பார்த்து, சரியாக இருந்தால் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி ஓகே போடுவேன். இருபத்தாறு வருஷத்தில் நான் பார்க்காமல் ஒரு பெட்டி கப்பலேறினதில்லை. அப்படிப்பட்டவன், பெற்ற பெண்ணுக்கு அனுப்புகிற சரக்கைப் பார்க்காமல் அனுப்புவேனா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வியட்நாமை என் போனில் ஸ்கேன் பண்ணினேன். 'வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது' என்று வந்தது. சபாஷ் என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினேன். லாவோஸ், சேர்க்கப்பட்டது, ஸ்டிக்கர். கம்போடியா கொஞ்சம் மக்கர் பண்ணியது, ரெண்டாம் தரம் ஸ்கேன் பண்ணினேன், பாஸ். தாய்லாந்தும் பாஸ். ஒரு டேமேஜ் கிடையாது, நூற்றுக்கு நூறு. நாலையும் போட்டோ எடுத்து, ஆஃப்ரீனிடம் கொடுத்து, ஜோதிக்கு அனுப்பிடும்மா, உங்கப்பா செக் பண்ணிட்டார்னு சொல்லு என்றேன். அன்றைக்குச் சாயந்திரம் எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஒரு வருஷத்துக்கப்புறம் ரசம் வைத்தேன்.

மறுநாள் ஆஃப்ரீன் வந்து வாசற்படியிலேயே நின்றாள். "அங்கிள், அந்த க்யூஆர் கோடை இன்னா பண்ணீங்க?" என்றாள்.

"செக் பண்ணேன்."

"எதுல?"

"என் போன்லதான். வேற எதுல பண்றது?"

"நாலுமா?"

"ஒண்ணை விட்டுட்டு மூணு செக் பண்ணா அது இன்ஸ்பெக்‌ஷனாம்மா?"

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா பரிதாபப்படுகிறாளா என்று தெரியவில்லை. அந்தக் கட்டம் போட்ட படம் ஒரே ஒரு போனுக்குத்தானாம் அக்கா. முதலில் எது ஸ்கேன் பண்ணுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளுமாம், அப்புறம் வேறு எந்தப் போன் கேட்டாலும் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று சொல்லிவிடுமாம். ஆக, நாலு நாட்டு நெட்டும் ஆம்பூரில் என் சட்டைப்பைக்குள். என் பெண் மட்டும் லாவோஸில், வெறும் போனோடு.

நெட்டில் இதை விற்றவனிடம் முறையிட்டேன். அவனுக்கு முகம் கிடையாது, எழுத்தில்தான் பேசுவான். நடந்ததையெல்லாம், கமலத்தின் தெவசம் உட்பட, நாலு பத்தி எழுதினேன். ஒரு நொடியில் பதில் வந்தது: 'கவலை வேண்டாம். நீங்கள் அந்த நாட்டுக்குச் சென்று இறங்கியதும் உங்கள் நெட் தானாக வேலை செய்யும். இனிய பயணம்.' நான் இறங்குவதாக இருந்தால் எதற்கடா உனக்கு எழுதுகிறேன் என்று எழுதினேன். அதற்கும் இனிய பயணம். சரி, என் போனிலிருந்து எடுத்துவிட்டால் அது விடுதலையாகி அவளுக்குப் போய்விடும் என்று, ஒட்டின ஸ்டிக்கரைப் பிய்த்து வேறு பெட்டியில் ஒட்டுகிற மாதிரி நினைத்து, வியட்நாமை அழித்தேன். அழிந்தது அழிந்ததுதானாம், யாருக்கும் இல்லையாம். மிச்சம் மூன்றையும் காப்பாற்றித் தருகிறேன் என்று தபரேஸ் பாய் போனை வாங்கினார், அது என் சொந்த நம்பரையும் சேர்த்து விழுங்கிவிட்டு அணைந்துபோனது. "அண்ணே, நீங்க செக் பண்ணலைன்னா எந்தப் பேஜாரும் இல்ல" என்றார் பாய். என் கல்லறையில் எழுதவேண்டிய வாசகம் இது. ஆனால் நம்மில் எரிப்பதுதான் வழக்கம், எழுத இடமிருக்காது.

கோடு வீணானது தெரிந்த அன்றைக்கே, ஓட்டலில் இலவச நெட் இருந்தால் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவளுக்கு அப்போது பத்தரை இருக்கும், பத்தே நிமிஷம் வரச்சொல் என்று ஆஃப்ரீன் மூலம் கேட்டுப்பார்த்தேன். 'பார்க்கலாம்' என்று பதில் வந்திருப்பதாகச் சொன்னாள். அதற்கப்புறம் பதினோரு நாளாக ஒரு சத்தமும் இல்லை. ஆகவே நீ இதை நன்றாக மனசில் வைத்துக்கொள் அக்கா: ஜோதிக்கு என்மேல் கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது, நெட் இல்லாமல்தான் பேசவில்லை. பூஜைக்கு வருகிற ஜனங்கள் கேட்டால் நீயும் இப்படியே சொல்லவேண்டும், அப்பன் செய்த முட்டாள்தனத்தில் பெண் அகப்பட்டுக்கொண்டாள் என்று தாராளமாகச் சொல். முட்டாள் என்றால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. மகள் பேசாத அப்பன் என்று சொல்லாமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை நீ போனைக் கொண்டுவராதே. யாருடைய போனாவது அடித்தால் நான் அவள்தானோ என்று பாதி மந்திரத்தில் எழுந்து ஓடுவேன், ஐயர் கோபித்துக்கொள்வார்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், டிரைவரிடம் கேட்டு வாங்கிக்கொள். உன் கால் தொட்டு வணங்குகிறேன். வயசில் பெரியவள், நீ ஆசீர்வாதம் பண்ணினால் எனக்குப் பலிக்காவிட்டாலும் அந்தப் பிள்ளைக்காவது பலிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தம்பி,
சுந்தரமூர்த்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் படி. உறையை ஒட்டுகிற நேரத்தில் ஆஃப்ரீன் வந்தாள். யாருக்கு அங்கிள் லெட்டர் என்றாள், வாங்கிப் படித்தாள், படித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஜோதி முதல் நாளே ஏர்போர்ட்டில் அந்த ஊர் சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டாளாம், பஜ்ஜி சாப்பிடுகிற காசுக்கு. எல்லையைத் தாண்டும் இடத்திலெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்கிறாளாம். ஒரு நாள்கூட நெட் இல்லாமல் இருந்ததில்லையாம். ஆஃப்ரீனோடு தினமும் பேசுகிறாளாம், உன்னோடும் பேசுகிறாளாம். போன வாரம் கேட்டபோது, "என்கிட்ட எங்கடா பேசுறா" என்று நீ சொன்னாய். உன்மேல் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பொய்யை எதற்காகச் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கையில் நெட் இருந்தும் நான் அனுப்பின நாலு க்யூஆர் கோடையும் அவள் ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணிப் பார்த்தாளாம். எதற்கு என்று ஆஃப்ரீனுக்கும் தெரியவில்லை. நீ கேட்காதே.

வெள்ளிக்கிழமை போனைக் கொண்டு வா, நன்றாகச் சார்ஜ் போட்டு. கமலத்தின் படத்துக்கு நேராகப் பிடித்து அவளுக்குக் காட்டு. நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன், என் முகம் அதில் விழாமல் பார்த்துக்கொள். என் குரல் கேட்டால் வைத்துவிடுவாள் என்று தோன்றினால் முன்னாலேயே சொல்லிவிடு, மந்திரத்தையெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்.