எட்டு டஜன் எடையுள்ள பாப்பா

ராயபுரம், திருப்பூர்
ஞாயிறு காலை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை குமரன் அவர்களுக்கு,

மச்சான் ராசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் என் வயிற்றுக்குள் வைத்துத் தைத்திருக்கும் வலையும் நலம். பல்லடத்தில் நீங்களும் என் தங்கை தமிழ்மதியும் பாப்பாவும் நலமாக இருக்க அம்மன் துணை. போனில் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவாகிவிடும், அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். பாப்பாவின் காதுகுத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மச்சான் பாவம், குடலிறக்க ஆபரேஷன் ஆன மனிதர், அவரால் தூக்க முடியாது என்று, உங்கள் சித்தப்பா மகன் சுப்பையன் மடியில் பாப்பாவை உட்காரவைக்கப் போவதாகத் தமிழ்மதி சொன்னாள். சுப்பையன் தங்கமானவர், தினமும் ஜிம்முக்குப் போகிறவர், எல்லாம் சரி. ஆனால் அவர் தாய்மாமன் இல்லையே! கோயில் வாசலிலிருந்து குழந்தையைத் தூக்கிவந்து, தன் மடியில் வைத்துக் காது குத்துவது தாய்மாமனின் உரிமை. அதைப் பிடுங்கிக்கொண்டு என்னைச் சீர்த்தட்டோடு ஓரமாக நிற்கச் சொன்னால் நான் எதற்கு வரவேண்டும்? எழுதும்போதே அழுகை வருகிறது, குலுங்கினால் வயிறு வலிக்குமே என்று அடக்கிக்கொள்கிறேன்.

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். பனியன் கம்பெனியில் புதிதாக வந்த பையன்களுக்குத் தூக்கிக் காட்டுகிறேன் பேர்வழி என்று இருபத்தைந்து கிலோ துணி ரோல் இரண்டை ஒரே மூச்சில் தூக்கினேன், அடிவயிறு புடைத்துக்கொண்டது. ஆனால் அதனால் நான் பார்த்த அதிசயத்தை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். உள்ளே வைக்கப்போகும் வலையை டாக்டர் எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளை, அது பின்னல் துணி! இருபத்திரண்டு வருடமாக நிட்டிங் மாஸ்டராக இருந்து லட்சக்கணக்கான மீட்டர் ஓட்டியவன் நான், அப்படி ஒரு சுத்தமான பின்னலைப் பார்த்ததே இல்லை. துணி பார்ப்பதற்காகப் பாக்கெட்டில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து இழை இழையாகப் பார்த்தேன். "ஏனுங்க டாக்டர், நடுவுல ஒரு இழை அறுந்துதுன்னா பனியன் மாதிரி கடைசி வரைக்கும் பிரிஞ்சு ஓடிருமுங்களா?" என்று கேட்டேன். "ஓடாதுங்க. அந்த ஓட்டையில எல்லாம் உங்க சதையே வளந்து பின்னிக்கும்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மெஷின் இல்லை, ஊசி இல்லை, ஷிப்ட் இல்லை, ஒரு மனிதனின் சதை தானாக உட்கார்ந்து பின்னுகிறதென்றால் நம் கம்பெனிகள் எல்லாம் எந்த மூலைக்கு?

அந்த பிரமிப்பில்தான் புத்தி கெட்டுப்போனது. புதுத் துணியை ஒரு நாள் விரித்துப்போட்டு ஆறவிட்டுத்தானே வெட்டுவோம்? அதேபோல் வலையும் ஆறட்டும் என்று அசையாமல் மல்லாந்து கிடந்தேன். குளிக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் வெந்நீரைத் தொடவில்லை, துணி சுருங்கினால் யார் பொறுப்பு? உங்கள் அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டருக்கே போன் போட்டுவிட்டாள். "அது பனியன் இல்லீங்க, சுருங்காது. எந்திரிச்சு நடங்க மொதல்ல!" என்று அவர் போட்ட சத்தம் பக்கத்து ஊட்டுக்கே கேட்டது.

அப்புறம் வந்து சேர்ந்தவர்தான் ரோஸ்மேரி. ஆபரேஷன் ஆனவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், தூத்துக்குடிப் பக்கம், என் தோள் உயரம்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, மலம் கழிக்கையில முக்குதீயளா?" நான் வெட்கத்தில் சுவரைப் பார்த்தேன். முக்கினால் உள்ளே அழுத்தம் ஏறுமாம், தூக்குவதும் அதே கதைதானாம். ஆறு வாரம் இரண்டு டஜன் பனியனுக்கு மேல் தொடவிடவில்லை. டஜன் ஒன்றே முக்கால் கிலோ, எனக்குத் தெரிந்த எடைக்கல் அதுதான் என்பதால் அவரும் டஜனுக்கே வந்துவிட்டார். "முட்டிய மடக்குங்க. மேலோட ஒட்டிப் பிடிங்க. மூச்ச அடக்காதிய, தூக்கையில ஊதுங்க!" நான் ஊதினேன், பனியன் அடைத்த பை பூப்போல மேலே வந்தது. இத்தனை வருடம் தூக்கியதெல்லாம் தப்பாகத் தூக்கியது என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது டாக்டர் சம்மதத்தோடு நான்கு டஜன். பாப்பா பதினான்கு கிலோ, அதாவது எட்டு டஜன். முடியுமா என்று கேட்டால் ரோஸ்மேரி, "வலிக்கலைன்னா ஏத்துவோம், வலிச்சா நிறுத்திருவோம். பனியன் உதைக்காது அண்ணாச்சி, பிள்ளை உதைக்கும்லா?" என்கிறார். அவர் கண்டிப்பைப் பார்த்தால் எனக்குப் பயமும் பக்தியும் சேர்ந்து வருகிறது. ஆகையால் மாப்பிள்ளை, தயவுசெய்து முடிவைத் தள்ளிப்போடுங்கள். தூக்கினால் நான்தான் தூக்குவேன், இல்லாவிட்டால் காதுகுத்தையே அடுத்த முகூர்த்தத்துக்கு மாற்றுங்கள்.

தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கவும், யாருடைய அடிவயிறும் எக்காலத்திலும் புடைக்காமலிருக்கவும் வேண்டும்

அன்பு மச்சான்,
ராசப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் தமிழ்மதி பாப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். பாப்பாவைக் கண்டதும் டாக்டராவது சம்மதமாவது, முட்டியை மடக்கிக் கையை நீட்டினேன். "நான் என்ன கைக்கொழந்தையா மாமா? கோயிலுக்கெல்லாம் நடந்தே வருவேன்" என்று அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். தமிழ்மதி கெஞ்சியும் அசையவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தேதியை மாற்ற வேண்டாம், என்னையும் சுப்பையனையும் அவள் தேவையில்லை என்று சொல்லிவிட்டாள். தோற்றுப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் முழங்காலைப் பிடித்து ஏறி மடியில் உட்கார்ந்து, "காது குத்துனா வலிக்குமா மாமா?" என்றாள். "துளியூண்டு வலிக்கும் கண்ணு" என்றேன். "அப்பன்னா நீங்க என்னையக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். இன்னும் இறங்கவில்லை, இந்த வரியை அவள் தலைக்கு மேலே கையை நீட்டித்தான் எழுதுகிறேன்.