வசவு வாங்கி நிமிர்ந்த செடி

செப்டம்பர் பிறந்தால் எங்கள் மலைக்கு இரண்டு வரும். கடலிலிருந்து மூடுபனி வரும். பிரதர் லார்க் வருவார். மூடுபனிக்கு யாரும் விருந்து வைப்பதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

கஞ்சா என்றதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். வடக்குக் கலிஃபோர்னியாவில், எங்கள் ஃபெர்ன் க்ரீக்கில், அது உரிமம் வாங்கிப் போடுகிற பயிர். நடவுக்கு ஓர் உரிமம், கிணற்றுக்கு ஓர் உரிமம், உலர்த்துகிற கொட்டகைக்கு ஓர் உரிமம். இத்தனை அதிகாரிகளைச் சமாளிக்கிற எங்கள் ஆட்கள், செடி பூக்கத் தொடங்கியதும் குழந்தைகளாகிவிடுவார்கள். செடிக்குச் செடி பெயர் வைப்பார்கள். காலையில் நலம் விசாரிப்பார்கள். தோட்டத்துக்குள் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்பது மலை முழுதும் உள்ள கட்டுப்பாடு. சுத்தியல் விரலில் விழுந்தாலும் வெளியே ஓடிவந்துதான் திட்ட வேண்டும். என் பக்கத்துத் தோட்டக்காரன் டுவெயின், ஆறடிக்கு மேல் உயரமும் தாடியும் தொப்பையுமாக இருப்பவன், தன்னை விட்டுப்போன பெண்களின் பெயர்களைத் தன் செடிகளுக்கு வைத்திருக்கிறான். தோட்டம் பெரிது.

பிரதர் லார்க்குக்குச் செடி எதுவும் கிடையாது. காது மட்டும் உண்டு. நோயுற்ற செடியின் தண்டில் காதை வைத்து, அதற்கு என்ன துக்கம் என்று சொல்லிவிடுவார். இலை மஞ்சளித்தால் பிரிவுத் துயரம். நுனி கருகினால் அடக்கிவைத்த கோபம். பூ பழுப்பானால் ஆழ்ந்த துக்கம். உரம் கூடிவிட்டது, வேர் அழுகிவிட்டது என்றெல்லாம் பேசுகிறவர்களைப் பார்த்து அவர் இரக்கத்தோடு சிரிப்பார். முன்பு சாக்ரமென்டோவில் நீச்சல்குளம் சுத்தம் செய்துகொண்டிருந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. தண்ணீரோடு பழகியது வீண்போகவில்லை.

அவருடைய வைத்தியம் இப்படி. விழாவுக்கு முன் இரண்டு நாள் செடிகளுக்கு மௌன விரதம். தண்ணீர் கூடாது. மின்விசிறியும் கூடாது, விசிறிச் சத்தத்தில் செடியின் குரல் அமுங்கிவிடுமாம். மூன்றாம் நாள் ஊர் கூடும்போது, துணித் தொட்டிகளில் செடிகள் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும்.  லார்க் ஒவ்வொரு செடியாகப் பாடுவார். பிறகு, சும்மா சம்பிரதாயத்துக்கு, நிலவில் வைத்த நீரைத் தொட்டிக்கு ஒரு வாளி ஊற்றுவார். எல்லோரும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இலைகள் நிமிர்ந்து நிற்கும். உடனே கண்ணீர், கைத்தட்டல், கட்டிப்பிடித்தல்.

அவர் காசு தொட மாட்டார். தோட்டத்திலேயே நன்றாக இருக்கிற செடியின் உச்சிப்பூவை மட்டும் வெட்டிக்கொள்வார். எல்லாத் துக்கத்தையும் அதில் ஏற்றி ஆற்றில் விட்டுவிடுவதாக ஏற்பாடு. உச்சிப்பூ என்றால் சந்தையில் முதலில் விலைபோகிற பூ. மட்டமான கிளையில் ஏறத் துக்கம் ஏன் மறுக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு அவர் பிடித்த இடம் வெர்னாவின் பசுமைக்குடில். வெர்னாவின் கணவன் ரே வசந்தத்தில் மாரடைப்பில் போய்விட்டான். நிலத்தின் மேல் வங்கிக் கடன் நிற்கிறது. இந்த ஒரு மகசூல் கைக்கு வந்தால் நிலம் நிற்கும். வராவிட்டால் வங்கி வந்து நிற்கும். அறுவடை நெருங்குகிற நேரத்தில் இரண்டு பூக்களில் பழுப்பு தட்டியது. வெர்னா பயந்துபோய் லார்க்கைக் கூப்பிட்டாள். அவர் தண்டில் காதை வைத்தார். வெகுநேரம் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இவங்க ரேயைத் தேடறாங்க, சகோதரி.”

அந்த ஒரு வாக்கியத்தில் வெர்னா விழுந்தாள். புருஷனை இழந்த பெண்ணிடம் இதைச் சொல்ல ஞானம் தேவையில்லை, துணிச்சல் போதும்.

முதல் விழா நடந்தது. இலைகள் நிமிர்ந்தன. டுவெயின் அழுத அழுகையில் என் சட்டைத் தோள் நனைந்தது. ஒரு வாரத்தில் பழுப்பு வரிசை வரிசையாகப் பரவியிருந்தது. அது துக்கம் வெளியேறுவதன் அடையாளம் என்றார் லார்க். பழுப்பான பூவை வெட்டக் கூடாது. விசிறி அணைந்தே இருக்கட்டும். மாலைதோறும் நிலா நீரைப் பூக்களின் மேல் பனிபோலத் தெளிக்க வேண்டும். வெளியே மூடுபனி, உள்ளே நீர்த்தெளிப்பு, காற்றும் இல்லை. பூஞ்சையிடமே என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அதுவும் இதைத்தான் கேட்டிருக்கும். அடுத்த சனிக்கிழமை இன்னொரு விழா என்றும் முடிவாகியது.

அந்த வியாழக்கிழமைதான் ஃப்ரெஸ்னோவிலிருந்து கோரா வந்தாள். ரேயின் அக்கா. பல் டாக்டர் ஒருவரிடம் ஊரார் பல்லைச் சுத்தம் செய்தே ஓய்வு பெற்றவள். அறுவடைக்கு உதவ வந்தவள், பெட்டியை வைத்ததும் குடிலுக்குள் போனாள். நானும் டுவெயினும் விழாவுக்குப் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே காற்று ஈரத்துண்டு மாதிரி முகத்தில் ஒட்டியது. கோரா ஒரு பழுப்புப் பூவை விரலால் பிளந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு. ஊதினாள்; புகை மாதிரிப் பறந்தது.

“தொடாத, கோரா. பிரதர் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு,” என்றாள் வெர்னா.

“அழுகினதைப் பாத்தா எடுத்துரணும்னு எனக்குத் தெரியும். பாட்டுப் பாடி எந்தப் பல்லையும் யாரும் காப்பாத்தினதில்ல.”

“இதுங்க ரேயை நெனச்சு அழுவுதுங்க.”

 கோரா தம்பியின் பழைய தொப்பி ஆணியில் தொங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரே செத்தப்ப நான் அழுதேன். நீ அழுத. செடி அழல, வெர்னா. பூஞ்சை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.”

வெர்னா வெளியே போய்விட்டாள். விரதம் தொடங்கிவிட்டது. கோரா குழாயைத் தொடாமல் இருக்க வெர்னாவே காவல் இருந்தாள்.

சனிக்கிழமை பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்துகூட வண்டிகள் வந்தன. ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, ஆளுக்கொரு பாத்திரம். மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி, சோள ரொட்டி. லார்க் கழுத்தில் பச்சைக் கல்லோடு நின்று, பாட்டுதான் மருந்து, நீர் வெறும் வாகனம் என்று விளக்கினார். தலைகள் ஆடின. கோரா கையைத் தூக்கினாள்.

வாகனம் இல்லாமல் மருந்து நடந்து வருமா என்று கேட்டாள். முன்வரிசையில் ஒரே மாதிரி தொங்கிக் கிடந்த இரண்டு செடிகளைக் காட்டினாள். ஒன்றுக்கு லார்க் பாடட்டும், சொட்டு நீர் வேண்டாம். இன்னொன்றுக்குத் தோட்டக் குழாய்த் தண்ணீர் அவள் ஊற்றுவாள், பாட்டு வேண்டாம். சாப்பிட்டு வந்து பார்க்கலாம்.

சந்தேகம் செடிகளைப் புண்படுத்தும் என்றார் லார்க். அவை ஏற்கெனவே நொந்திருப்பதாகவும் சொன்னார். கூட்டம் கோராவை முறைத்தது. அப்போது வெர்னா எழுந்தாள்.

“பாட்டுதான் மருந்துன்னு நீங்கதானே சொன்னீங்க. பாடுங்க, பிரதர்.”

அவர் பாடினார். நன்றாகவே பாடினார் என்று சொல்ல வேண்டும். பயம் குரலை இளக்கும்.

கோரா குழாயைத் திறந்து தன் செடியின் தொட்டியில் விட்டாள். பாட்டு வேண்டாம் என்றாளே தவிர, பேச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை.

“ஏய் தடிமாடு. தின்னுட்டுத் தூங்கறதத் தவிர என்ன வேலை தெரியும் ஒனக்கு? தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நாடகமா ஆடற? ஒன்னைப் பெத்த வெதையை எலிக்குப் போட்டிருந்தா எலியாவது கொழுத்திருக்கும்.”

இதற்குப் பிறகு வந்தவற்றை அச்சிட முடியாது. பல் வைத்தியசாலையில் இத்தனை கற்றுக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியாது.  டுவெயின் பக்கத்துச் செடிக்குக் கேட்டுவிடாமல் இருக்க நடுவில் போய் நின்றுகொண்டான்.

சாப்பிட்டோம்.  திரும்பி வந்து பார்த்தோம்.

வசவு வாங்கியது கை தூக்கி நின்றது. பாட்டுக் கேட்டது இன்னும் தொங்கிப் போயிருந்தது.

லார்க் தயங்கவில்லை. அவமானப்பட்ட செடி கோபத்தில் எழுந்திருக்கிறது என்றார். இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள்.  வெர்னா குழாயை எடுத்து, பாட்டும் இல்லாமல் வசவும் இல்லாமல், தொங்கிய செடிக்குத் தண்ணீர் விட்டாள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கூட்டமும் நின்றது. வெயில் சாய்வதற்குள் அந்தச் செடியும் நிமிர்ந்தது. வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப எம் புருஷன் பேரைச் சொல்லி எங்கிட்ட வாளி வாளியாத் தண்ணிதான் வித்தீங்க.”

லார்க் வண்டியை நோக்கி நடந்தார். டுவெயின், பாவம், அவர் வாளிகளை ஏற்ற மரியாதையாகப் பின்கதவைத் திறந்துவிட்டான். உள்ளே கயிறு கட்டி, உச்சிப்பூக்கள் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. மலையிலுள்ள அத்தனை துக்கமும், பதமாக. நடுவில் ஊதா ஓரம் வைத்த ஒன்று.

“அது என் லொரெட்டா,” என்றான் டுவெயின்.  “ஆத்துல விட்டேன்னு சொன்னாரே.”

லொரெட்டா அவனை ஏமாற்றிப் போனது இது இரண்டாம் முறை. லார்க் அன்று மலையை விட்டு இறங்கினார், வண்டியில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மாலையே விசிறிகளைப் போட்டோம். ஆளுக்கொரு கத்தரிக்கோல் எடுத்து, பழுப்பான பூவை நல்ல தண்டு தெரிகிற வரை வெட்டி, பையில் கட்டி வெளியேற்றினோம். வெட்டுக்கு வெட்டு கோரா கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வைத்தாள். எல்லாம் பிழைத்தது என்று சொன்னால் நானும் லார்க் ஆகிவிடுவேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறியது. வங்கி இந்த ஆண்டு வராது. முதல் வாரமே வெட்டியிருந்தால் முக்கால்வாசியும் தேறியிருக்கும் என்று வெர்னாவுக்குத் தெரியும். 

கதை இங்கே முடிந்திருந்தால் எங்கள் மலையைப் பற்றி நானும் பெருமையாகப் பேசுவேன். மறுநாள் காலை வெர்னாவின் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. முதல் வண்டியில் டுவெயின். தலை வாரி, சட்டை மாற்றி, கையில் ஒரு ஜாடி தேனோடு வந்திருந்தான்.

“கோரா, என் செடியெல்லாம் ரொம்ப வாடியிருக்கு. ஒரு தடவை வந்து திட்டிட்டுப் போறீங்களா?”

கோரா வரிசையின் கடைசி வண்டி வரை பார்த்தாள்.

“தண்ணி ஊத்து, டுவெயின். திட்டணும்னா கண்ணாடி முன்னால நின்னு திட்டு.”

அவன் அதையும் மனப்பாடம் செய்துகொண்டு போனான். இந்த மலையில் நடுவதற்கு உரிமம் வேண்டும், வெட்டுவதற்கு உரிமம் வேண்டும், கிணற்றிலிருந்து இறைப்பதற்கும் உரிமம் வேண்டும். யோசிப்பதற்கு மட்டும் இதுவரை யாரும் உரிமம் கேட்கவில்லை. கேட்பதற்குள் ஒருமுறையாவது செய்துபாருங்கள்.