ஓரியன் தியேட்டருக்கு பீர் லைசென்ஸ்

சொந்தத் தியேட்டரில், கடைசி வரிசையில், இருட்டில் உட்கார்ந்து, யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு கிளாஸ் பீர் குடித்தே தீருவது என்று வெர்லின் ஹாகன் முடிவெடுத்தார். அமெரிக்காவின் வடக்கே, விஸ்கான்சினில் வசந்தம் தொடங்கிய வாரம் அது. ஏரியில் பனி விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. ஆண்களுக்குத் துணிச்சல் வரும் பருவம்.

வீட்டில் பீர் நின்று ஒரு குளிர்காலம் ஆகிவிட்டது. காரணம், அவருடைய கால் கட்டைவிரல். அது வீங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, "பீரைக் கொஞ்சம் குறைக்கலாம்" என்றார். அந்தக் 'குறைக்கலாம்' வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் மனைவி ஆர்டிஸின் வாயில் 'நிறுத்தணும்' ஆகிவிட்டது.

எதிரே மதுக்கடை இருந்தது. ஆனால் கடைக்காரரின் மனைவி, சர்ச் பாட்டுக்குழுவில் ஆர்டிஸுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். வெர்லின் முதல் மிடறு விழுங்குவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு, அவருக்காகக் காத்திருக்கும். ஆகவே இருட்டு வேண்டும். அந்த ஊரில் டிக்கெட் போட்டு இருட்டு விற்கிறவர் அவர் ஒருவர்தான். அங்கேயே பீரும் விற்றால், ஒரு கிளாஸ் எங்கே போயிற்று என்று யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

குறுக்கே நின்றது ஊர்ச் சட்டம். சாப்பாட்டு மேசை உள்ள இடத்தில்தான் மது பரிமாறலாம் என்றது அது. ஓரியன் தியேட்டரில் ஏது மேசை? சட்டத்தை நகரசபை திருத்தினால்தான் லைசென்ஸ். அந்த நகரசபையில் ஆர்டிஸும் ஓர் உறுப்பினர்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா?" என்றார் டுவெய்ன். ஆணி, சுத்தியல் விற்கும் கடைக்காரர்; வெர்லினின் பால்ய நண்பர்; அவரும் சபை உறுப்பினர்தான். "நீ பீர்னு வாயைத் தொறக்கறதுக்குள்ள உம் பொண்டாட்டி மனுவைக் கிழிச்சு அடுப்புல போட்டுடுவாடா."

"முடியாதுடா. புருஷன் தொழில் விஷயம் சபைக்கு வந்தா அவ எழுந்து போயிடணும். ஓட்டு கிடையாது. விசாரிச்சுட்டேன்."

"பேச்சு?"

"அதுவும் கிடையாது. சட்டம்!"

டுவெய்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இப்படி ஒரு சட்டம் இருக்கறது தெரியாமப் போச்சே! என் வீட்டுக்காரியையும் எதுக்காவது தேர்தல்ல நிக்க வைக்கணும்டா."

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில், பொரித்த மீனுக்கு நடுவே, வெர்லின் விஷயத்தை மெல்ல அவிழ்த்தார். பக்கத்து ஊர் தியேட்டரில் படத்தோடு பீரும் தருகிறார்கள். நம் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு அங்கே ஓடுகிறது. ஊரின் மானம் என்னாவது?

"அப்போ இது ஊருக்காக" என்றாள் ஆர்டிஸ்.

"ஊருக்காகத்தான்."

"உனக்கு ஒரு சொட்டும் வேணாம்?"

"எனக்கெதுக்கு? நான் வேலை பாக்கணுமே."

"கட்டைவிரல் எப்படி இருக்கு?"

"கட்டைவிரலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா கேட்டேன். உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

ஆர்டிஸ் கத்தினால் பயமில்லை. உருளைக்கிழங்கு போட்டால்தான் பயப்பட வேண்டும். சந்தோஷத்தில் வெர்லின் அதை மறந்துபோனார்.

சபை கூடிய அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பின்பக்கம் பெரிய பாத்திரத்தில் காப்பி. பக்கத்தில் யாரோ சுட்டுக் கொண்டுவந்த எலுமிச்சை கேக். வெர்லினின் மனு வந்ததும் ஆர்டிஸ் எழுந்தாள். "இது என் கணவர் விஷயம். நான் விலகிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். கல்யாணமானதற்குப் பிறகு சட்டம் தன் பக்கம் நிற்பதை வெர்லின் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். கை தட்டிவிடப் போனவர், தட்ட வந்த கையால் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை கிளாரிஸ் எழுந்தார். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். "இருட்டுல புள்ளைங்க கை பீர் பக்கம் போனா யாருக்குத் தெரியும்?"

"விளக்கைப் போட்டுடலாமே" என்றார் டுவெய்ன்.

"விளக்கைப் போட்டா படத்தை எப்படிப் பாக்கறது?"

"இப்ப வர்ற படங்களுக்கு அதுவே நல்லதுதான் டீச்சர்!"

மண்டபம் சிரித்தது. பெரியவர்களின் கையில் மட்டும் காகித வளையம் கட்டுவது, வளையம் உள்ள கைக்கே பீர் என்று முடிவாயிற்று. எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போய்க்கொண்டிருந்தது.

"பொதுமக்கள்ல யாராவது பேசணுமா?" என்று கேட்டார் மேயரம்மா லவர்ன்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அந்தக் கையின் மோதிரம் வெர்லின் வாங்கிக் கொடுத்தது.

வெர்லின் துள்ளி எழுந்தார். "மேயரம்மா, அவதான் விலகிட்டாளே!"

"உறுப்பினரா விலகிட்டாங்க. ஊர்க்காரியா விலகலையே. மூணு நிமிஷம் பேசலாம்."

"அவ வீட்லயே பேசறா, இங்கயுமா?"

"வீட்ல மூணு நிமிஷத்துல நிறுத்தறாங்களா?"

"எங்க நிறுத்தறா!"

"அப்போ இங்க உங்களுக்கு லாபம்தான். உக்காருங்க."

ஆர்டிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் இந்த மனுவை ஆதரிக்கறேன்."

வெர்லினுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

"ஒரே ஒரு வேண்டுகோள். பீர் விக்கிற நேரம் பூரா பொறுப்பாளர் ஒருத்தர் தியேட்டர்ல இருக்கணும். அவர் அங்க ஒரு சொட்டும் தொடக் கூடாது. இது என் யோசனை இல்லை. என் வீட்டுக்காரரே சாப்பாட்டு மேசையில சொன்னாரு, 'எனக்கெதுக்கு, நான் வேலை பாக்கணுமே'ன்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

கிளாரிஸ் டீச்சருக்கும் வந்துவிட்டது. "வெர்லின், நீ அப்படியா சொன்னே?"

மண்டபம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. இல்லை என்றால் லைசென்ஸ் போயிற்று. ஆமாம் என்றால் பீர் போயிற்று.

"சொன்னேன்" என்றார் வெர்லின். பிறகு சட்டென்று ஒரு வெளிச்சம். "ஆனா பொறுப்பாளரா வேற யாரையாவது வேலைக்கு..."

"வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்" என்றார் கிளாரிஸ் டீச்சர். "வெர்லின் பேரையே போடுங்க. தங்கமான புள்ளை."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. டுவெய்னின் கையும். அவர் மட்டும் வெர்லினைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு உயர்த்தினார்.

பீர் விற்பனை தொடங்கிய மாலையில் ஓரியன் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்திருந்தார்கள். வெர்லின் ஏப்ரன் கட்டிக்கொண்டு குழாயைத் திருகித் திருகி ஊற்றினார். வாசனை மூக்கில் ஏறியது, மூக்கோடு நின்றது. படம் ஓட ஆரம்பித்ததும் உள்ளே கூட்டம் ஒன்றாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பு கதவைத் தாண்டி வந்து அவர் மேல் மோதியபோது, சொன்னால் வெட்கம், தொண்டை வறண்டிருந்தும் மனசு குளிர்ந்துதான் போயிற்று.

இடைவேளையில் ஆர்டிஸ் வந்தாள். பின்னால் பாட்டுக்குழு முழுக்க. எல்லார் கையிலும் காகித வளையம், எல்லார் கன்னத்திலும் சிவப்பு. அவள் காலி கிளாஸை நீட்டினாள். அவர் ஊற்றினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, மேலுதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டு, உண்மையான பிரியத்தோடு அவர் தோளில் தட்டினாள்.

"படம் முடிஞ்சதும் எங்க எல்லாரையும் ஒவ்வொரு வீடா இறக்கி விட்டுடு, வெர்லின். இன்னிக்கு இந்த ஊர்லயே வண்டி ஓட்டற நிலைமையில இருக்கறவன் நீ ஒருத்தன்தான்."