தண்ணீர் பார்க்காமல் கடலுக்குப் போனவள்

நீந்தத் தெரியாதவள் கடல் சுற்றுலா நடத்தக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் அந்த நாட்களில் நான் அதை வாசித்திருக்க மாட்டேன். பயிற்சிப் பட்டறைகளுக்குப் போய்வரவே எனக்கு நேரம் போதாமல் இருந்தது.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து மன்னாரில் எங்கள் ஊரான பாப்பாமோட்டைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது, எங்களுக்கு முன்னரே அங்கே குடியேறியிருந்தவை பயிற்சிப் பட்டறைகள்தான். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் யாரோ போட்ட தென்னங்குற்றி கிடந்தது. ஆனால் கோழி வளர்க்க, காளான் வளர்க்க, சவர்க்காரம் காய்ச்ச, கேக்குக்கு ஐசிங் போட என்று எங்களைத் தொழிலதிபர்களாக்கத் துடித்தவர்கள் ஜீப் ஜீப்பாக வந்து இறங்கினார்கள். (கேக்கை எதில் வேகவைப்பது என்று கேட்ட ஒருத்திக்கு, அடுப்பு அடுத்த கட்டத் திட்டம் என்று பதில் கிடைத்தது.)

நான் பிந்திவிட்டேன். கோழியும் காளானும் ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மிஞ்சிக் கிடந்தது ஒன்றே ஒன்று: சூழலுக்குப் பொறுப்பான சிறிய கடற்கயாக் சுற்றுலா. கயாக் என்றால் என்னவென்று கேட்டேன். ஒல்லியாக, நீளமாக, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருந்து துடுப்பு வலிக்கிற வள்ளம் என்றார்கள். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் ஓடும். கண்ணிவெடி அகற்ற வந்தவர்களுக்கு மொழிபெயர்த்துப் பழகிய ஆங்கிலம். 'அங்கே கால் வைக்காதே', 'அப்படியே நில்' என்பவற்றை மிகச் சரளமாகப் பேசுவேன். சுற்றுலாத்துறைக்கு இது போதும் என்று முடிவு செய்தார்கள்.

நாங்கள் வயல்காரர். கடல் பக்கத்திலேயே இருந்தாலும், எங்கள் வீட்டைப் பொறுத்தவரை கடல் என்பது மீன்காரரின் சைக்கிள் பெட்டிக்குள் இருந்து வருவது. என் கணவர் கேதீஸ் மட்டும் சின்ன வயதில் கட்டுக்கரைக் குளத்தில் நீந்தியவர். அந்த ஒரு தகுதியை வைத்து அவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கினேன். அவருடைய தகப்பன், என் மாமா செல்லையாவுக்குத்தான் விஷயம் பிடிபடவே இல்லை.

"பிள்ளை, காசும் குடுத்து, வெயிலுக்க துடுப்பும் போட ஆர் வருவினம்?"

"வெள்ளைக்காரர் வருவினம் மாமா. பறவை பாக்க."

"பறவையோ? என்ர வயலுக்க வரச் சொல்லு. நெல்லுத் தின்னுற அவ்வளவு பறவையையும் சும்மா காட்டுறன்."

மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றுக்கும் தண்ணீருக்கும் கக்கூசுக்கும் முகாமில் வரிசையில் நின்று நின்று, யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டே இரண்டு வருடத்தைக் கழித்தவள் நான். எனக்கு முன்னால் யாருமே நிற்காத ஒரு இடம் வேண்டியிருந்தது. கடலில் வரிசை இருக்காது என்று நினைத்தேன். அது சரிதான். கடலில் என்ன இருக்கும் என்பதில்தான் பிழை விட்டேன்.

திட்டம் இதுதான். முதலில் ஒரு பரீட்சைச் சுற்றுலா. உதவி வழங்கும் நிறுவனத்திலிருந்து மார்த்தா என்ற வெள்ளைக்காரப் பெண் அதிகாரி வருவா. கொழும்பிலிருந்து ரமணன் என்ற சுற்றுலா ஆலோசகர் வருவார். இருவருக்கும் திருப்தி என்றால் கயாக்குகள் எங்களுக்கே சொந்தம். இல்லையென்றால் லொறியில் ஏறி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

சூழலைக் காப்பதில் நான் காட்டிய தீவிரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பிளாஸ்டிக் போத்தலுக்குத் தடை. ஆகவே குடிதண்ணீரை மண்கூசாவில் கொண்டுபோனோம். (கயாக்கே முழுப் பிளாஸ்டிக் என்பதைக் கேதீஸ் மெதுவாகச் சுட்டிக்காட்டினார். பாதுகாப்பை மட்டும் பாருங்கோ என்றேன்.) சாப்பாடு வாழையிலையில். சத்தம் போடத் தடை, கைத்தொலைபேசிக்குத் தடை, இயந்திரத்துக்குப் பரம்பரைப் பகைபோலத் தடை. எல்லாவற்றுக்கும் மேலாக, கடலடியில் கால் வைக்கத் தடை. கடற்புல் மிதிபட்டால் மீன்குஞ்சுக்கு வீடில்லாமல் போகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வீடில்லாமல் போவதைப் பற்றி எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆபத்துகளுக்கும் தயாராக இருந்தோம். புயல், பட்டால் உடம்பெல்லாம் எரிகிற சொறிமுட்டை, வெயில் மயக்கம், வள்ளம் கவிழ்தல் எல்லாம் படித்திருந்தோம். தண்ணீர் கூடினால் என்ன செய்வது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன்.

பரீட்சைச் சுற்றுலா அன்று காலையில் கரைக்குப் போனால் காவலரணில் நின்ற சிப்பாய்த் தம்பி வந்து கயாக்குகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு என்னிடம், "எஞ்சிம கோ?" என்றான்.

எங்கள் பக்கத்தில் வாங்கோ, இருங்கோ என்றால் மரியாதை. இந்தப் பிள்ளை எஞ்சினுக்குக்கூட மரியாதை கொடுத்துப் பேசுகிறானே என்று உருகிப்போய், "ஓம் தம்பி, எஞ்சின்தான்கோ" என்றேன். சிங்களத்தில் 'கோ' என்றால் 'எங்கே' என்று கேதீஸ் காதுக்குள் சொன்னார். எஞ்சின் இல்லை என்று கையால் காட்டினேன். அவன் எங்களை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனான்.

மார்த்தாவும் நானும் ஒரு கயாக்கில். ரமணனும் கேதீசும் மற்றதில். ரமணன் சேர் தோல் சப்பாத்து, வெள்ளைக் காற்சட்டை, கலியாணப் பந்தல் அளவில் ஒரு தொப்பி என்று வந்திருந்தார். ஏறும்போதே, "இதில் சாயுமிடம் இல்லையா?" என்று கேட்டார்.

முதல் ஒரு மணித்தியாலம் சொர்க்கம். கண்ணாடி போலக் கடல். தூரத்தில் பூநாரைக் கூட்டம், யாரோ இளஞ்சிவப்புச் சேலையைக் காயப் போட்டதுபோல. "இன்னும் கிட்டப் போகலாமா?" என்று மார்த்தா கிசுகிசுத்தா. போகலாம் என்றேன். பூநாரை நின்றுகொண்டிருக்கிறது, நீந்திக்கொண்டிருக்கவில்லை. நிற்கிற பறவைக்கு முழங்கால் எங்கே, தண்ணீர் எங்கே என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

துடுப்பு முதலில் புல்லில் பட்டது. பிறகு சேற்றில் பட்டது. பிறகு சேற்றில் மட்டும் பட்டது. கயாக் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த கடலைக் காணவில்லை. இருந்த இடத்தில் மினுமினுக்கும் சேறு, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும்.

"கடல் எங்கே போனது?" என்று மார்த்தா கேட்டா. மிக நியாயமான கேள்வி.

"இஞ்சேரும், வத்து வந்திட்டுது போல," என்றார் கேதீஸ். கடலுக்கு வற்றும் பெருக்கும் உண்டு என்பது மன்னாரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளத்தில் நீந்தியவருக்கும் கண்ணிவெடி ஆங்கிலம் படித்தவளுக்கும் மட்டும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"இறங்கித் தள்ளலாமே," என்று ரமணன் சேர் ஒரு காலைத் தூக்கினார்.

"கால் வைக்காதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!" என்று கத்தினேன். பழக்கதோஷம். கண்ணிவெடி என்று நினைத்து மனிதர் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே உறைந்துபோனார். கடற்புல்லுக்காகத்தான் சொன்னேன் என்று விளங்கப்படுத்தியதும் கோபம் வந்து அந்தக் காலை ஓங்கிக் குத்தினார். அது தொடைவரை போனது. இழுத்தபோது கால் வந்தது, சப்பாத்து வரவில்லை.

"சேர், சப்பாத்தை எடுங்கோ. நாங்கள் கடலுக்க குப்பை விடுறேல்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கயாக் வேறு மாவட்டத்துக்குப் போனதைக் கண்டேன். ஆனாலும் குனிந்து தோள்வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு நண்டு வந்தது. அதுவும் அவராக எடுத்ததல்ல. அவரைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவர் போட்ட சத்தத்துக்குப் பூநாரைகள் எல்லாம் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தன. சத்தம் போடத் தடை என்று அப்போது நான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

வெயில் ஏறியது. கூசாவில் தண்ணீர் இறங்கியது. நான் பின்னால் இருந்து அழுதேன். லைஃப் ஜாக்கெட்டின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால் வெளியே தெரியாது (அதன் உண்மையான பயன் அது ஒன்றுதான் என்று அன்று அறிந்தேன்). சண்டையால் எத்தனையோ காலம் கிட்டப் போகவே முடியாமல் இருந்த கடல். இப்போது விட்டிருக்கிறார்கள், போய் நடுவில் குந்தியிருக்கிறோம், தண்ணீர் இல்லை.

கடைசியில் ரமணன் சேர் தொப்பிக்குள்ளிருந்து தடைசெய்யப்பட்ட கைத்தொலைபேசியை எடுத்தார். கொழும்புக்கு எடுத்தார். அவர்கள் கிட்ட உள்ள கந்தோரோடு கதைக்கச் சொன்னார்கள். கந்தோரில் மதியச் சாப்பாடு. கேதீஸ் பொறுமையிழந்து வாங்கித் தன் தகப்பனுக்கு எடுத்தார்.

"ஐயா, கடல்ல தண்ணி இல்லை!"

மறுபக்கம் மாமா கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "என்னடா தம்பி, ஆரும் வாய்க்காலை மறிச்சுப்போட்டாங்களோ?"

கொஞ்ச நேரத்தில் கரைப் பக்கம் ஒரு கரும்புகை எழும்பியது. மாமாவின் இரண்டு சில்லு உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர். சேற்று உழவுக்குப் பூட்டுகிற இரும்புச் சில்லைப் பூட்டிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மாமா கடலுக்குள் உழுதுகொண்டு வந்தார். நான் பார்த்துப் பார்த்துக் காத்த கடற்புல் இரண்டு பக்கமும் கட்டி கட்டியாகப் புரண்டது. டீசல் புகையில் தொடுவானம் மறைந்தது. அந்த இரைச்சலில் பூநாரைக் கூட்டம் முழுவதும் ஒரேயடியாகக் கிளம்பி, எங்கள் தலைக்கு மேலால் செக்கச்செவேல் என்று சிறகை விரித்துப் போனது.

"கடவுளே, என்ன அழகு!" என்றா மார்த்தா, கண் கலங்கி.

மாமா எஞ்சினை நிற்பாட்டாமலே என்னை மேலும் கீழும் பார்த்தார். வயல்காரன் தினமும் காலையில் செய்கிற முதல் வேலை தண்ணீர் பார்ப்பது. பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று போய்ப் பார்த்து வருவது. அந்தக் குரலிலேயே கேட்டார்:

"பிள்ளை, வெளிக்கிட முதல் தண்ணி பாத்தனியோ?"

நான் கயாக்கின் கயிற்றை எடுத்து நீட்டினேன்.

கயாக்குகளைக் கயிற்றால் கட்டி இழுத்தார். வீரமாகத்தான் இழுத்தார், திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க மறந்து ரமணன் சேரைச் சேற்றில் கவிழ்த்துவிட்டு, நெடுந்தூரம் போனபிறகுதான் ஆள் குறைவதைக் கண்டார். கரை சேர்ந்தபோது வெள்ளைக் காற்சட்டை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. காவலரணில் நின்ற தம்பி ஓடிவந்து லாண்ட்மாஸ்டரைத் தட்டிப் பார்த்து, "ஆ, எஞ்சிம!" என்று மகிழ்ந்தான்.

மார்த்தா சேறு வழிய மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கள் அடிக்கடி இப்படிச் செய்வீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டா. நான் மொழிபெயர்க்க வாயெடுக்க முதல், மாமா முகாமில் படித்த முழு ஆங்கிலத்தையும் அவிழ்த்துவிட்டார்: "நோ புரொப்ளம். எவ்ரி டே!" அவர் சொன்னது வயல் உழுவதை. அவ விளங்கிக்கொண்டது சுற்றுலாவின் இறுதி நிகழ்ச்சியை. கயாக்குகள் எங்களுக்கே வந்தன. ரமணன் சேரிடமிருந்து வந்தது சப்பாத்து பற்றிய விசாரணை மட்டும்.

பிறகு நான் நீந்தப் பழகினேன். வற்றும் பெருக்கும் பார்த்துத்தான் வள்ளம் இறக்கினேன். பூநாரைக்கு எட்டவே நின்றோம். தொழில் மெல்ல மெல்ல ஓடியது, இன்றும் ஓடுகிறது. ஆனால் முதல் இரண்டு வருடமும் வந்த வெள்ளைக்காரர் எல்லோரும், தண்ணீர் நிறைந்த கடலில் அழகாகப் போய்வந்த பிறகு, ஏதோ ஏமாந்த முகத்தோடு உழவு இயந்திரம் எப்போது வரும் என்று கேட்டார்கள். மாமா வேறு வெளிக்கிட்டு ஆயத்தமாக நிற்பார். அவரை மறிப்பதுதான் நான் செய்த மிகப் பெரிய சூழல் பாதுகாப்பு.

வீட்டில் அந்தக் கேள்வியும் தங்கிவிட்டது. கேதீஸ் புது மோட்டர் வாங்கி வந்தால், "தண்ணி பாத்தனீங்களோ?" என் மகள் சோதனைக்கு வெளிக்கிட்டால், "தண்ணி பாத்தனியோ?" ஒரு பயணம், ஒரு கலியாணப் பேச்சு, ஒரு சீட்டு, எதற்கும் இதுதான். கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கும்போது என்னைத்தான் பார்ப்பார்கள்.

போன வருடம் மாமாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன். தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகிறார்கள். நாங்கள் கதவடியில் நிற்கிறோம். மாமா தலையைத் தூக்கி, முகமூடி கட்டிய இளம் டொக்டரைப் பார்த்து, மிகக் கவலையோடு கேட்டார்:

"தம்பி, தொடங்க முதல் தண்ணி பாத்தனீங்களோ?"

பக்கத்தில் நின்ற தாதிப் பிள்ளை பதறிப்போய் அவரைப் படுக்க வைத்தா. "ஐயோ அப்பு, இப்ப ஒரு சொட்டும் தரேலாது. எல்லாம் முடியட்டும்."

கதவு மூடியது. வெளியே நாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்புக்கு, காவலாளி வந்து எங்கள் எல்லோரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டார்.