உஷ் பாயும் என் முன்பக்க இடது டயரும்

கொடைக்கானல் மலையில் காற்றுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். நாமெல்லாம் அதை மூச்சு விடுவதற்கும், சீசனில் வருகிறவர்களிடம் "என்ன சுத்தமான காத்து பாருங்க" என்று பீற்றிக்கொள்வதற்கும் பயன்படுத்துகிறோம். உஷ் பாய் மட்டும்தான் அதை அளந்து, அடைத்து, எழுதி வைப்பார்.

பஜாருக்கு இறங்கும் சரிவில் டயர் கடை வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "உஷ்!" என்றுதான் பதில் வந்திருக்கும். காற்று எங்கே கசிகிறது என்று டயரில் காதை வைத்துக் கேட்கும்போது கடையில் ஒருவர் பேசக்கூடாது, இருமக்கூடாது. ஒரு மே மாதம் நடுரோட்டுக்கு வந்து கையைத் தூக்கி, இரண்டு டூரிஸ்ட் பஸ்களை நிறுத்தி, எஞ்சினை அணைக்க வைத்தார். யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்த ஒரு டிரைவர், கீழே இறங்கித் தலைகுனிந்து இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்திவிட்டுப் போனார்.

என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். இருந்தும் அவர் கடை வாசலில் நின்றால் நான் வீட்டுப்பாடம் எழுதாத பையனாகிவிடுவேன்.

ஐம்பது வயதில் சிலருக்குத் தலைக்குச் சாயம் அடிக்கத் தோன்றும். எனக்குத் தலையில் அதற்கான வசதி இல்லாததால் ஜீப் வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஆறே மாதத்தில், கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தெரிய ஆரம்பித்தது. முரட்டுப் பல் வைத்த, சேற்றிலும் பாறையிலும் ஏறக்கூடிய பெரிய டயர்கள் நாலை, ரிம்மோடு வாங்கிக்கொண்டு பாய் கடையில் போய் நின்றேன்.

"பழைய சக்கரத்துக்குள்ள சென்சார் கெடக்குண்ணே. அதை எடுத்து இதுக்குள்ள வைக்கணும். வெரசா முடியிற சோலி இல்ல" என்றார்.

சென்சார் என்பது தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும். காற்றடிக்கிற வால்வுக்கு அடியில், டயருக்குள் உட்கார்ந்துகொண்டு, "இங்கே காற்று முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு" என்று ஸ்டியரிங் அருகிலிருக்கும் திரைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அரை நாள் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

"எங்க பக்கத்து லாட்ஜ்காரர் நாலு சென்சாரையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள்ள போட்டு, காத்தடிச்சு மூடி, சீட்டுக்கு அடியில வச்சிட்டாராமே பாய். எச்சரிக்கை விளக்கே எரியாதாம்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையை மட்டும் கழட்டி டாக்டர்கிட்ட நாடி பாக்கக் குடுத்துட்டு, உடம்பைத் தனியா பஸ் ஏத்தி அனுப்புவீங்களாண்ணே? வண்டி பள்ளத்துல கெடக்கும். சீட்டுக்கு அடியில குழாய் மட்டும் 'நான் சௌக்கியம், நான் சௌக்கியம்'னு சொல்லிக்கிட்டு இருக்கும்."

டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெஷினின் நாக்கு சென்சார் மேல் பட்டால் அது அங்கேயே காலி. அதனால் டார்ச் அடித்துப் பார்த்து, சக்கரத்தை இம்மி இம்மியாகத் திருப்பி, பிரசவம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் புது ரப்பர் வாஷர் போட்டார். நட்டை முறுக்குவதற்கென்றே தனி ஸ்பேனர். இறுக்கம் போதும் என்று அது 'டிக்' என்றதும் கையை எடுத்துவிட்டார். "இன்னும் ஒரு சுத்து இறுக்கலாமே" என்றேன். "உஷ்."

கடைசியாக, எந்தச் சென்சார் எந்த மூலையில் இருக்கிறது என்று வண்டிக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு சக்கரத்தில் கொஞ்சம் காற்றை இறக்குவார்; ஹாரன் தானாக ஒரு முறை கத்தும். "இவன்தான் முன்னாடி இடதுன்னு வண்டிக்கு வெளங்கிருச்சு." அடுத்தது, அதற்கடுத்தது என்று சுற்றி வந்தார். பிறகு ஒவ்வொரு ரிம்மின் உள்பக்கமும் மஞ்சள் பெயின்டில் அதன் இடத்தை எழுதினார். முன் இடதுக்கு மு.இ., பின் வலதுக்கு பி.வ., இப்படி.

"சக்கரத்தை எடம் மாத்துனா எங்கிட்ட கொண்டாந்துருங்கண்ணே. மறுபடி சொல்லிக் குடுக்கணும். இல்லாட்டி வண்டிக்கு ஆள் அடையாளம் தெரியாமப் போயிரும்."

தலையாட்டினேன். நான் தலையாட்டினால் அந்த விஷயத்தை அத்தோடு மறந்துவிட்டேன் என்று என் மனைவிக்குத் தெரியும். பாய்க்கு அது தெரியாது.

மூன்று மாதம் கழித்து, செல்போனில் ஒரு மீசைக்காரர், டயர்களை மூலைக்கு மூலை குறுக்காக மாற்றினால் சமமாகத் தேயும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். உடனே மேல்மலைக் கிராமமான கவுஞ்சிக்குப் போய், என் மைத்துனன் வேலுவின் கேரட் தோட்டத்து ஓரம் ஜாக்கி வைத்தேன். முன் இடது பின் வலதுக்குப் போனது. பின் வலது முன் இடதுக்கு வந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

"பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவமா மச்சான்?" என்றான் வேலு.

"நாலு நட்டைக் கழட்டி மாட்ட அவரு எதுக்கு மாப்ளே?"

இந்த வேலுவுக்கு முப்பத்தெட்டு வயது. அந்த உயரத்துக்கு, அந்தக் குளிருக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கி மூன்று சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுபோயிருந்தன. நாலாவது, பெரியகுளம். பெண்ணே வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். இந்த முறையும் ஏதாவது தடங்கல் வந்தால் சகுனம் சரியில்லை என்று எழுந்துவிடக்கூடிய ஒரு பெரியப்பா பெண் வீட்டில் இருந்தார். உறவினர்கள் எல்லோரும் முதல் நாளே வேனில் இறங்கிவிட்டார்கள். பூண்டு லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் வேலு மட்டும் தங்கிவிட்டான். காலையில் அவனை அழைத்துவரும் பொறுப்பு எனக்கு.

"பெரிய ரோட்டுலயே வாங்க. அடுக்கம் வழியா வந்து வித்தை காட்ட வேணாம்" என்று போனில் சொன்னாள் மனைவி. தலையாட்டினேன்.

வெள்ளனே வேலுவை ஏற்றிக்கொண்டு அடுக்கம் வழியாகத்தான் இறங்கினேன். பெரியகுளத்துக்கு அது குறுக்கு வழி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆகாயம். நடுவில் மிச்சமிருப்பதை ரோடு என்கிறார்கள்.

அடுக்கத்தைத் தாண்டி நாலாவது வளைவில் விளக்கு எரிந்தது. முன் இடது, இருபத்தேழு. மற்ற மூன்றும் முப்பத்திரண்டு.

நிறுத்தினேன். என் கதவுப் பக்கம் பள்ளம். அதனால் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மடிமேல் ஏறிக் கடந்து, இடது கதவு வழியாக இறங்கினேன். பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பை மாட்டி முன் இடதுக்குக் காற்றடித்துவிட்டுக் கிளம்பினேன். கொஞ்சம் ஓடினால்தான் திரையில் எண் மாறும். மாறியது. இருபத்தைந்து.

மறுபடி மடி, மறுபடி இடது கதவு, மறுபடி பம்பு. இருபத்திரண்டு.

நான் அடிக்க அடிக்க அது இறங்கியது. மற்ற மூன்று எண்கள் என்ன ஆயின என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் முறை பம்பின் ஊசி நாற்பத்தெட்டு காட்டியது. மலிவுப் பம்பு பொய் சொல்லும், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டி பொய் சொல்லுமா என்று, ஊசியை நம்பாமல் இன்னும் கொஞ்சம் அடித்தேன். டயர் கல் மாதிரி இருந்தது. என்ன குளிர் என்று வேலுவிடம் சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்தேன்.

"வேர்க்குதே மச்சான்?"

"குளிர் வேர்வை."

மணி எட்டே முக்கால். வேலு வாட்ச்சைப் பார்ப்பதும், கைக்குட்டையால் அதைத் துடைப்பதுமாக இருந்தான். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அந்த வளைவில் செல்போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது. பாய்க்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பாய்! பெரியகுளத்துல மச்சினனுக்கு நிச்சயம். அடுக்கம் ரோட்டுல நிக்கிறோம். முன்னாடி இடது எறங்கிக்கிட்டே இருக்கு. ரொப்ப ரொப்ப எறங்குது!"

"உஷ். பம்பு ஊசி என்ன சொல்லுது?"

"அம்பதுகிட்ட."

பாய் மிக மெதுவாகக் கேட்டார். "அண்ணே, பம்பைக் கீழ வைங்க. சக்கரத்தை எடம் மாத்துனீங்களா?"

"ச்சேச்சே."

"மச்சான்..." என்றான் வேலு.

"நீ சும்மா இரு மாப்ளே."

"சரிண்ணே. அந்த ரிம்முக்கு உள்பக்கம் மஞ்சள்ல எழுதிருப்பேன். வாசிங்க."

நான் குனிவதற்குள் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, தலையைச் சக்கரத்துக்குள் விட்டிருந்தான்.

"பி.வ.ன்னு போட்டிருக்கு பாய்!"

"அப்ப பின்னாடி வலதுல இருந்தவன் தானா நடந்து முன்னாடி வந்துட்டானாண்ணே?"

மலையில் நிலச்சரிவு வருவது எப்போதாவதுதான். வந்தால் இப்போது வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். "மாத்துனோம் பாய்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "கோவத்தை அப்புறம் வச்சிக்கிறேன். முதல்ல முன்னாடி ரொப்புனதை முப்பத்திரண்டுக்கு எறக்குங்க, சூடாச்சுன்னா வெடிக்கும். பின்னாடி வலது எப்பிடி இருக்கு?"

அந்த மூலையை நாங்கள் பார்க்கவே இல்லை. அது பள்ளத்துப் பக்கம். பாறையைப் பிடிப்பதுபோல் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். டயர் பாதி உட்கார்ந்திருந்தது. பற்களுக்கு நடுவே ஓர் ஆணித் தலை மின்னியது. கழுத்து வரை காற்று நிரம்பிய ஒரு டயருக்கு நான் மேலும் மேலும் ஊட்டிக்கொண்டிருக்க, பட்டினி கிடந்தது இதுதான்.

"ஆணி பாய்! பிடுங்கிரவா?"

"தொடாதீங்க! அதுதான் இப்ப அடைப்பு. முப்பத்தஞ்சு ரொப்பிட்டுக் கிளம்புங்க. திரையில முன்னாடி இடதுன்னு காட்டுறது இந்தப் பின்னாடி வலதுதான். இருபத்தஞ்சுக்குக் கீழ போனா நின்னு ரொப்புங்க. ரெண்டாவது கியர்லயே எறங்குங்க. பிரேக்கை மட்டும்..."

சிக்னல் போய்விட்டது.

பிரேக்கை மட்டும் என்ன? மிதிக்கணுமா, மிதிக்கக்கூடாதா? மிச்ச மலை முழுவதும் அந்த வாக்கியத்தை முடிக்க முயன்றபடியே இறங்கினேன். வேலு திரையைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தான். "முப்பத்திமூணு... முப்பது... மச்சான், ரோட்டைப் பாருங்க... இருபத்தேழு." இரண்டு முறை நின்று காற்றடித்தோம். இரண்டு முறையும் நான் பள்ளத்துப் பக்கமாகவே இறங்கினேன். பயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாப்பிள்ளையின் வேட்டி அதற்கு மேல் தாங்காது.

பத்தே காலுக்கு மண்டப வாசலில் போய் நின்றோம். மனைவி என்னைப் பார்த்த பார்வையைத் தாண்டி உள்ளே ஓடினோம். பத்து இருபத்தைந்துக்குத் தட்டு மாறியது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முழங்காலெல்லாம் கரியாக நின்ற வேலுவைப் பார்த்து, "கீழ விழுந்துட்டீங்களா?" என்று மாமியார் பதறினார். "இல்லத்தே, டயருக்குள்ள தலையை விட்டேன்" என்றான். முதன்முதலாகப் பெண் சிரித்தாள்.

பதினோரு மணிக்கு மண்டப வாசலில் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. பின்னால் கட்டிய சாக்கில் பஞ்சர் சாமான். இறங்கியவர் பெண்ணைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேராக என் ஜீப்பிடம் போய்க் குத்தவைத்து, பின் வலது டயரில் காதை வைத்தார்.

கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அதே அடுக்கம் ரோட்டில், அந்த மொபெட்டில். பெரிய சக்கரம் போட்ட ஜீப் போச்சா என்று டீக்கடை டீக்கடையாகக் கேட்டு மண்டபத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். "எதுக்கு பாய் இவ்வளவு தூரம்? நாங்கதான் வந்து சேந்துட்டமே."

"போனு கட்டாயிருச்சு. திரும்பத் திரும்பப் போட்டேன், போகல" என்றார். என்னிடம் இல்லை, டயரிடம். "வளைவுக்கு வளைவு நிப்பாட்டி, கீழ எட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன்."

எனக்கு உடனே ஒரு ஜோக் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாக மொபெட்டிலிருந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

ஆணியைப் பிடுங்கி, பஞ்சர் போட்டு, நாலு மூலையையும் வண்டிக்கு மறுபடி சொல்லிக்கொடுத்து முடித்தார். "இங்க பள்ளிவாசல் எந்தப் பக்கம்ணே? ஜும்மாவுக்கு நேரமாச்சு" என்று கேட்டுப் போய்விட்டு, தொழுதுவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். வேலுதான் அவருக்குப் பரிமாறினான். வைத்திருந்த கோபத்தைப் பாய் அன்றும் எடுக்கவில்லை, இதுவரையிலும் எடுக்கவில்லை.

அந்தப் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஒரு சக்கரத்தோடு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காட்டுவதற்கு முன்னால், என் விரல் அந்த முதுகில்தான் போய் நிற்கிறது.